ஒரே பந்தலில் இரண்டு பொய்

சித்தி மகனின் உடல் பிணவறையிலிருந்து வந்து சேர்ந்தபோது மாலை நாலரை மணி. வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. “கெட்ட சாவு, வாசலோட எடுத்துருங்க” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அத்தனை பேரும் கட்டுப்பட்டோம். வாசலில் போட்டிருந்த சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே வாக்கியங்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாவது: “சாவணும்னு முடிவு பண்ணிட்டவன யாரால தடுக்க முடியும்? விதி.” இரண்டாவது: “பெத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வீட்ல என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க?”

இரண்டையும் ஒரே மனிதர் சொல்லக் கேட்டேன். எனக்குப் பெரியப்பா முறை, நல்ல மனிதர்தான், அன்று தென்னங்கீற்று முதல் தண்ணீர் கேன் வரை ஓடியாடி ஏற்பாடு செய்தவர். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே அவர் ஒரு டீ குடித்தார். அந்த டீ இறங்கும் நேரத்துக்குள் விதி போய் சித்தி குற்றவாளியாகிவிட்டாள்.

இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். யாராலும் தடுக்க முடியாது என்றால் பெற்றவளாலும் முடியாது. பெற்றவள் தடுத்திருக்கலாம் என்றால் விதிக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் ஊர் இரண்டையும் விடாமல் சொல்கிறது, ஏனென்றால் இரண்டும் கூட்டாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. முதல் வாக்கியம் பந்தலில் இருக்கும் எல்லோரையும், பந்தலுக்கு வெளியே இருக்கும் அரசாங்கத்தையும் கடைக்காரரையும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் விடுதலை செய்கிறது. இரண்டாவது வாக்கியம், அப்படி விடுதலையானவர்களின் பாரத்தை எல்லாம் திண்ணையில் தலைவிரிகோலமாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் மேல் இறக்கிவைக்கிறது. இரண்டுமே பொய் என்பதுதான் என் கட்சி.

முதல் பொய்க்கு வயது அதிகம், மரியாதையும் அதிகம். படித்தவர்களும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமாக ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்: முடிவு. செய்தித்தாள்களும் அதையே பிடித்துக்கொண்டு ‘விபரீத முடிவு’ என்று எழுதுகின்றன. தமிழில் முடிவு என்றால் தீர்மானம், முடிவு என்றால் கடைசி. இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், கடைசியாக நடந்துவிட்ட ஒன்றைப் பார்த்து அதற்கு முன்னால் ஒரு தீர்மானம் இருந்தே ஆகவேண்டும் என்று நம் மொழியே நம்மை நம்பவைக்கிறது. தீர யோசித்து, கணக்குப் போட்டு, உறுதி பூண்ட ஒருவரை மனதுக்குள் வரைந்துகொள்கிறோம்.

அப்படிப்பட்டவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கையின் கிராமப்புறங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தபோது, பாதிப்பேர் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே அதைப் பற்றி யோசித்திருந்தார்கள். ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கடன்காரனின் சொல். அப்போது கைக்கு எது எட்டியதோ அது. இதை முடிவு என்பது தவறு. அது ஒரு நேரம். நேரம் என்றால் கடந்துபோகும். கடந்துபோகும்வரை கையருகே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதில்தான் உயிர் நிற்கிறது.

“இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குச் செய்வான்” என்பார்கள். இதையும் எண்ணிப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் ஒரு பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடினார். 1978-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது எல்லோரையும்போல இயற்கையாக இறந்திருந்தார்கள். விதி அந்த 94 சதவீதம் பேரை எப்படி மறந்தது என்று பெரியப்பாவிடம் கேட்க வேண்டும்.

ஆனால் பாலமும் அமெரிக்காவும் நமக்கு எதற்கு? பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொன்னால் போதும். 1995-இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் இப்படி இறந்துகொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் அது ஒன்று. வயலுக்கு வாங்கும் பூச்சிமருந்துகளே அந்தச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம். 1984 தொடங்கி, 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை என்று அந்நாட்டு அரசு மிகக் கொடிய நஞ்சுகளைக் கடைகளிலிருந்து படிப்படியாக அகற்றியது. 2015 வாக்கில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் விழுந்திருந்தது. இருபது ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான்.

இதில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்க்கும் இடம் வேறு. அந்த ஆண்டுகளில் ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் குறையவில்லை. வந்தவர்கள் வந்தபடிதான் இருந்தார்கள். ஆனால் பிழைத்து, நாலைந்து நாள் கட்டிலில் கிடந்து, வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். போனவர்களில் ஆகப் பெரும்பாலோர் திரும்ப வரவில்லை. அந்த இருபது ஆண்டுகள் இலங்கையில் பாலாறும் தேனாறும் ஓடிய காலமா? 2009 வரை போர். 2004-இல் சுனாமி. வறுமை, குடி, இடப்பெயர்வு எதுவும் ஒழியவில்லை. “முதலில் வறுமையை ஒழியுங்கள், பிறகு இதைப் பேசலாம்” என்கிற நம்மூர் முற்போக்காளர்களுக்கு இந்த வரலாறு ஒரு தொந்தரவு. வறுமையை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவரை காத்திருந்திருந்தால் அந்த 93,000 பேரும் மண்ணுக்குள் இருந்திருப்பார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு: தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குத் தந்த எண்ணிக்கைப்படி இந்தியாவில் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாளொன்றுக்கு 54 வீடுகளின் வாசலில் சாமியானா. அதே 2022-இன் இறுதியில் தமிழக அரசு 6 பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது. எத்தனை நாளுக்கு? 60 நாளுக்கு. அரசைக் குறைசொல்லிப் பயனில்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒரு மாநிலத்துக்குத் தந்திருக்கும் அதிகாரமே அவ்வளவுதான், மிஞ்சினால் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். டெல்லி அதே 2022 நவம்பரில் தற்கொலைத் தடுப்புக்குத் தேசிய உத்தி ஒன்றை வெளியிட்டது. 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பது அதன் இலக்கு. பக்கத்துத் தீவு 70-ஐச் செய்து காட்டிய பிறகு 10-ஐ இலக்காக எழுதிக்கொள்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, தடை வேண்டாம், அவரவர் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்கட்டும் என்று ஒரு யோசனை உண்டு. நியாயமாகத்தான் தெரிகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 ஊர்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து ஒரு பெரிய ஆய்வே நடத்தினார்கள். 2017-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பெட்டி வீட்டில், சாவியும் வீட்டில். ஆனால் நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா வேறு மாதிரி செய்து பார்த்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு வைப்பறை, பாங்கு லாக்கர்போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, திறக்க வேண்டுமென்றால் இன்னொருவரும் சாவியோடு வர வேண்டும். அங்கே சாவுகள் குறைந்தன. சிறிய முயற்சிதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வீட்டின் தலையில் கட்டிய இடத்தில் தோற்றது. வீட்டுக்கு வெளியே ஊர் ஏற்றுக்கொண்ட இடத்தில் ஓரளவு வென்றது. கடையிலேயே இல்லாமல் போன இடத்தில் பெருமளவு வென்றது.

பூச்சிமருந்தோடு முடியவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் தவறியவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதலாம் என்ற துணைத் தேர்வு முறை தமிழ்நாட்டில் வந்தது. 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதும் நின்றது. ஒரு வருஷம் வீணாய்ப் போச்சு என்று நினைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, ஜூன், ஜூலையிலேயே இன்னொரு பரீட்சை இருக்கிறது என்ற அரசாணை, நூறு தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைவிட மேல். இதையெல்லாம் யாரும் தடுப்பு என்று அழைப்பதில்லை. தடுப்பு என்றால் நமக்குக் கண்முன் வருவது, மகளின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும் ஒரு தாய் மட்டும்தான்.

அங்கேதான் இரண்டாவது பொய் பிறக்கிறது.

தமிழ் நாளிதழ் ஒன்றை எடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். ‘தாய் கண்டித்ததால் மாணவி விபரீத முடிவு.’ ‘செல்போன் வாங்கித் தராததால் சிறுவன்…’ ‘மனைவி கோபித்துச் சென்றதால் வாலிபர்…’ மூன்றிலும் வேலை செய்வது ஓர் உருபு: ஆல். இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்குரிய அப்பாவி உருபு அது. செய்தி அறையில் அது நீதிபதி. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. ‘கண்டித்ததால்’ என்று எழுதியவுடன் தாய்க்குத் தண்டனை முடிந்தது. அந்தப் பேப்பரை அந்தத் தாய் படிப்பாள் என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தார் படிப்பார்கள், அந்தப் பெண்ணின் தங்கையோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதும் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் நேற்று இரவு பிள்ளையைக் கண்டித்த தாய்மார்கள் பல லட்சம் பேர் இருப்பார்கள். காலையில் பிள்ளைகள் எழுந்து பல் தேய்த்துப் பள்ளிக்கூடம் போயின. கண்டிப்பு காரணம் என்றால் பல லட்சம் இடத்தில் அது ஏன் காரணமாகவில்லை?

ஒரு காரணம் என்பது ஒருபோதும் இல்லை. நெடுநாள் மனச்சோர்வு இருக்கலாம், குடி இருக்கலாம், வெளியே சொல்ல முடியாத ஒரு வன்முறை இருக்கலாம், உடல்நோய் இருக்கலாம், பரம்பரை இருக்கலாம். அதற்கு மேல் அன்றைய நாள். எழுதும் முறை மாறினால் சாவு குறையும் என்பதற்கும் சான்று உண்டு. 1987-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், சுரங்க ரயில் சாவுகளைப் பத்திரிகைகள் எப்படி எழுத வேண்டும் என்று நெறிமுறை வகுத்தார்கள். பரபரப்பை விட்டதும் அந்தச் சாவுகள் முக்கால்வாசி குறைந்தன. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலைத் தழுவி நெறிமுறை வெளியிட்டது. பரபரப்பான தலைப்பு வேண்டாம், எப்படிச் செய்தார் என்ற விவரம் வேண்டாம், அதை ஒரு தீர்வாகக் காட்ட வேண்டாம் என்பது அதன் சாரம். கீழே ஒரு பெட்டிக்குள் உதவி எண்ணைப் போடப் பத்திரிகைகள் கற்றுக்கொண்டுவிட்டன. மேலே ‘ஆல்’ மட்டும் அப்படியே இருக்கிறது.

பத்திரிகை எங்கிருந்து எடுக்கிறது? போலீஸ் பதிவிலிருந்து. அங்கேயும் காரணம் என்று ஒரு கட்டம். 2022-இல் அந்தக் கட்டத்தில் 31.7 சதவீதம் பேருக்குக் ‘குடும்பப் பிரச்சினை’ என்று நிரப்பியிருக்கிறார்கள். குடும்பப் பிரச்சினை இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் குடிபோகிறேன். அந்தக் கட்டத்தை நிரப்ப நம் மக்கள் கண்டுபிடித்த இன்னொரு விடையும் உண்டு, தமிழ்நாட்டில் பேப்பர் படித்து வளர்ந்த யாருக்கும் அது தெரியும்: ‘தீராத வயிற்றுவலி.’ இந்த மாநிலத்தில் வயிற்றுவலியால் உயிரைவிட்டவர்களின் எண்ணிக்கையை அப்படியே நம்பினால், சென்னையை உலகக் குடல்நோய்த் தலைநகராக அறிவிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தோம். ஸ்டேஷனில் இருந்த ஒருவரே சொன்னார்: “வயித்துவலின்னு எழுதிக் குடுத்துருங்க சார், பொண்ணு வேற இருக்கு, நாளைக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.” இரக்கத்தோடுதான் சொன்னார். சித்தி மகனுக்கு வயிறு ஒருநாளும் வலித்ததில்லை. அந்தப் பொய்யை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். தங்கச்சி அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளும் செய்தாள்.

இப்போது கூர்மையான வாசகர் ஒருவர் என்னை மடக்கலாம். ‘தடுக்க முடியும் என்று நீங்கள்தானே இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்? தடுக்க முடியும் என்றால், தடுக்காமல் விட்டவள் குற்றவாளிதானே? பெரியப்பாவின் இரண்டாவது வாக்கியத்துக்கு நீங்களே அடித்தளம் போட்டுவிட்டீர்கள்.’ இது விளையாட்டான கேள்வி அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத் தடுப்புப் பிரசாரமே வாளாக இறங்குவது இந்த இடத்தில்தான். ‘அறிகுறிகளைக் கவனியுங்கள்’ என்ற சுவரொட்டியை ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்துவிட்டு, சித்தி அந்த வழியாகப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

பதில் இலங்கையிலேயே இருக்கிறது. அந்த 93,000 பேர் யார்? ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. எந்த வீட்டில் யார் என்று முன்கூட்டிக் கண்டுபிடித்துக் காப்பாற்றவில்லை. கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஆபத்தை அகற்றினார்கள். ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்று குறைப்பது முடிகிற காரியம். இந்த வீட்டில், இந்தச் செவ்வாய்க்கிழமை, இந்தப் பிள்ளை என்று சொல்வது முடியாத காரியம். 2017-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். யார் இறப்பார் என்று முன்கூட்டிச் சொல்வதில் நிபுணர்களின் காரணிப் பட்டியல்கள், பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. பட்டம் பெற்று, ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தவர்களுக்கே அவ்வளவுதான் கண் தெரிகிறது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டு, சோறு வடித்து, நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஞானக்கண் இருந்திருக்க வேண்டும் என்கிறோம்.

நடந்து முடிந்த பிறகு எல்லாமே அறிகுறியாகிவிடும். அன்றைக்குக் காலையில் அவன் இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டான். முந்தின வாரம் வண்டியைக் கழுவினான். சித்தி இதையெல்லாம் வருஷக்கணக்கில் கோர்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டு இட்லி சாப்பிட்ட நாட்களை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்?

அறிகுறிகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் கேளுங்கள். நேராக, அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்பது இன்னொரு ஊர் நம்பிக்கை. ஆய்வுகளில் அது நிற்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆறுதலே கிடைத்திருக்கிறது. கேட்டுவிட்டு உபதேசம் செய்யாமல் கூடவே உட்காருங்கள். இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே அப்படி இருந்தால், இதை மூடிவைத்துவிட்டு ஒரு எண்ணை அழுத்துங்கள்: 14416 மத்திய அரசின் டெலி மானஸ், 104 தமிழக அரசின் சுகாதாரச் சேவை, 044-24640050 சினேகா, 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கியது. இலங்கையில் இருந்தால் அழுத்த வேண்டிய எண் 1926. நான் மறுப்பது கேட்பதை அல்ல. கேட்காமல் போனவளைக் கொலைகாரியாக்குவதைத்தான்.

குற்றம் என்ற சொல்லே இங்கு நெடுநாள் சட்டமாகவும் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு, சாக முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம் என்றது. 1994-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 1996-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செல்லும் என்றது. 2017-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ளப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது, கவனிப்பைத் தருவது அரசின் கடமை என்று 115-ஆம் பிரிவில் எழுதியது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில், அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயல்வது தவிர மற்றது குற்றமில்லை. இலங்கை இதை 1998-லேயே செய்துவிட்டது. சட்டம் போய்விட்டது, ஆனால் சில தனியார் ஆஸ்பத்திரி வாசல்களில் “போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டுப் போங்க” என்ற குரல் இன்னும் போகவில்லை. அந்தக் குரலுக்குப் பயந்து ‘தவறி நடந்துவிட்டது’ என்று பொய் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்காமலேயே வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்டவர்கள்தான், அடுத்த முறை சாமியானாவுக்குக் கீழே கிடக்கும் அபாயம் அதிகமுள்ளவர்கள்.

நம் ஊரில் இந்தச் சாவைப் பழிக்கும் வாயும் உண்டு, புகழும் வாயும் உண்டு. ‘கோழை’ என்பது ஒன்று. ‘கவரிமான் பரம்பரை’ என்பது இன்னொன்று. ஒரு மயிர் உதிர்ந்ததற்காக உயிரை விடும் மிருகம் உலகத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் அதைப் பரம்பரையாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம். நுழைவுத் தேர்வுக்குப் பயந்து ஒரு பிள்ளை போய்விட்டால் மறுநாள் காலை கண்ணீர் அஞ்சலி பேனரில் அந்த முகம் சிரிக்கிறது. அந்தத் தேர்வை எதிர்க்க ஆயிரம் நியாயம் இருக்கலாம், எனக்கே சில உண்டு. ஆனால் உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத ஒரு குரலை, செத்த பிறகு மாநிலமே கேட்கிறது என்று அடுத்த வீட்டுப் பதினேழு வயதுக்குக் கற்றுக்கொடுக்கும் பேனரை நான் எந்தக் கட்சி வைத்தாலும் மன்னிக்க மாட்டேன். கோழை என்று சொல்லிக் குடும்பத்தைக் குறுகவைப்பதும், தியாகி என்று சொல்லிக் குடும்பத்தை மேடையேற்றுவதும் ஒன்றுதான். இரண்டிலும் இறந்துபோனவன் யார் என்று யாருக்கும் அக்கறையில்லை.

அப்படியானால் இழந்த வீட்டுக்கு என்ன செய்வது? ‘ஆறுதல்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த வீட்டுக்கு முதலில் வருவது ஆறுதல் அல்ல, காகிதம். சந்தேக மரணம் என்று வழக்கு, போஸ்ட்மார்ட்டம், பெற்றவளிடம் அன்று இரவே வாக்குமூலம். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாத பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அவனுடைய செல்போனை விசாரணைக்கென்று வாங்கிப்போனவர்கள் திருப்பித்தர நான்கு மாதமாயிற்று. கடைசி இரண்டு வருஷத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. சித்தப்பா வாரம் ஒருமுறை போய் நின்றார். அவருக்கு வழக்கு வேண்டாம், படங்கள் வேண்டும். அதைக் கேட்க அவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

“தற்கொலைன்னா இன்சூரன்ஸ் பைசா வராது” என்று பாலிசி போட்ட ஏஜென்டே சொன்னார். அதுவும் பொய். ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுத்தோ, காலாவதியானதைப் புதுப்பித்தோ 12 மாதத்துக்குள் நடந்தால்தான் முழுத் தொகை கிடையாது; அப்போதும் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைத் திருப்பித்தர வேண்டும். 12 மாதம் தாண்டிவிட்டால் அடிப்படைத் தொகை முழுவதும் உண்டு, விபத்துக்கான கூடுதல் தொகை மட்டும் கிடைக்காது. அவன் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில், விதியைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் முப்பது பேராவது இருந்தார்கள். இதைத் தெரிந்தவர் ஒருவர் இல்லை. நானும்தான்.

பதினாறாம் நாள் காரியத்தை மூன்று நாளில் சுருக்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வியாதியில் போன பிள்ளைக்கு வருஷத் திதி, தீபாவளிக்குப் படையல், சொந்தக்காரர்களின் பேச்சில் அவன் பெயர் என்று ஏதோ ஒரு இடம் மிஞ்சும். இவனுக்குச் சுவரில் படம்கூட மாட்டவில்லை. ஒரு சாவு சுமார் 135 பேரை ஏதோ ஒரு வகையில் தொடுகிறது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் சிலருக்கு அந்தச் சாவே அடுத்த ஆபத்து. அடுத்தவரைக் காப்பாற்றும் தடுப்பு வேலை இந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் இந்த வீட்டைத்தான் எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவனோடு கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளில் ஒருவன் ஆறு மாதம் கழித்து என்னிடம் கேட்டான்: “அண்ணே, அன்னைக்கு அவன் போன் பண்ணான், நான் எடுக்கல. ஏதாச்சும் சொல்லத்தான் கூப்பிட்டானா?” அந்தக் கேள்வியோடு அவன் ஆறு மாதம் தனியாக இருந்திருக்கிறான். அவனை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள்?

போங்கள். பதினாறு கழித்துப் போங்கள், மூன்றாம் மாதம் போங்கள், அவன் பிறந்தநாளுக்குப் போங்கள். “என்ன காரணம்?” என்று கேட்காமல், அவன் எப்படிப்பட்டவன் என்று கேளுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தவன், ஏதோ தோன்றி, “அந்தப் பழைய சைக்கிள் என்னாச்சு சித்தி?” என்று கேட்டுவிட்டேன். சித்தி இரண்டு மணி நேரம் பேசினாள். அவன் சைக்கிளை முதன்முதலில் வாய்க்காலுக்குள் விட்டது, அதை மறைக்கத் தங்கச்சிக்குக் கடலை மிட்டாய் லஞ்சம் கொடுத்தது. சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

போன வைகாசியில் அந்தத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முற்றத்தில் ஜமக்காளம் விரித்து, காப்பி கொடுத்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா படமில்லாத சுவரைப் பார்த்துவிட்டு, “மூத்த பையன் ஒருத்தர் இருந்து தவறிட்டதா சொன்னாங்களே” என்று மெதுவாக ஆரம்பித்தார். சித்தி வழக்கம்போல, “வயித்துவலிங்க, ரொம்ப நாளா…” என்றாள். தங்கச்சி தட்டைக் கீழே வைத்தாள்.

“வயித்துவலி இல்லம்மா” என்றாள். வந்தவர்களைப் பார்த்துத் திரும்பி, “அண்ணன் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. ரொம்ப நல்ல அண்ணன்” என்றாள்.

முற்றத்தில் யாரும் பேசவில்லை. பெரியப்பா தொண்டையைக் கனைத்து ஏதோ சொல்ல வந்தார், பிறகு விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க கொழுந்தனாருக்கும் வயித்துவலிதான்னு எழுதிக் குடுத்தோம்மா” என்றார். “இருபத்திரண்டு வருஷமாச்சு.”